தலைவர் வீட்டுப் புல்தரை

ஆள் உயரப் பிடி போட்ட அரிவாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "இன்னிக்கே ஒரு முடிவு கட்டணும்!" என்று தெரு அதிரக் கத்தினார் குடியிருப்போர் சங்கத் தலைவர்.

முடிவு, கடைசி வீட்டுத் தையல்காரம்மாவின் ஆட்டுக்கு. கொடியில் காய்ந்த தலைவரின் பட்டுச் சட்டையை அது மென்று துப்பியிருந்தது.

"காலங்காத்தால அவுத்து விட்டுடறீங்க. இது தெருவா, தொழுவமா?"

"நான் இறுக்கித்தான் கட்டறேன். எவன் அவுத்து விடறானோ, அவன் கை விளங்காமப் போக!" தையல்காரம்மாவும் விடவில்லை. "என் பேத்திக்கு அந்தப் பால் ஒண்ணுதான் ஒத்துக்குது. ஆட்டை விரட்டிட்டா பிள்ளை வாயில என்னத்த ஊத்தறது?"

"அது சங்கத்தோட பிரச்சினை இல்லை!"

புல்வெட்டும் மிஷினைச் சத்தம் என்று தடை செய்தவரும் இதே தலைவர்தான். மற்ற வீடுகளில் புல் முழங்காலைத் தொட்டது. அவர் வீட்டுத் தரை மட்டும் அப்போதுதான் சவரம் செய்த முகம்போல் இருந்தது.

"தோட்டம்னா என் தோட்டம் மாதிரி இருக்கணும்" என்று, சத்தம் கேட்டுக் கூடியிருந்த தெருக்காரர்கள் பக்கம் திரும்பினார். "உங்களுக்கெல்லாம் பிளேடே பார்த்து வாங்கத் தெரியலை. புதருக்குக் குட்டையா, கனமா. புல்லுக்கு நீளமா, மெல்லிசா. விளிம்பைச் சுத்தியால தட்டித் தட்டி மெல்லிசாக்கி, ஈரக் கல்லால அடியிலேருந்து நுனி வரைக்கும் ஒரே இழுப்பு. தீட்டறது ஒரு தவம்யா!"

அரிவாள் வெயிலில் கண்ணாடியாய் மின்னியது.

"எல்லாம் சரி சார்" என்றார் எதிர்வீட்டு டிரைவர். "அறுத்த புல்லை எங்க கொட்டறீங்க? எங்க உரக்குழிக்குக் கேட்கலாம்னா, ஒரு நாளும் கண்ணுல படலையே?"

"பேச்சை மாத்தாதய்யா!" தலைவர் சீறினார். "ஆடு போகணும்கிறவங்க கையைத் தூக்குங்க!"

எதற்கு வம்பு என்று ஒவ்வொரு கையாக உயர்ந்தது. தையல்காரம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

வீட்டுக்குள்ளிருந்து விறுவிறுவென்று வந்தாள் தலைவரின் மனைவி. வந்த ஆத்திரத்தில் கூட்டம் நிற்பதே அவள் கண்ணில் படவில்லை.

"ஏங்க, ஒரு சட்டைக்காக ஆட்டை விரட்டிட்டா, நாளைக்கு நம்ம புல்லை மேய எதை அவுத்துட்டு வருவீங்க?"