மகனின் துவாய்

கிருலப்பனை ஆய்வுகூடத்தில், அழற்சி தணிக்கும் மூலிகைகள் மனச்சோர்வையும் தணிக்குமா என்று எலிகளில் சோதித்தார்கள். மனம் விட்டுப்போன எலி தண்ணீர்த் தொட்டியில் சும்மா மிதக்கும். வல்லாரையும் மஞ்சளும் குடித்த எலி விடாமல் நீந்தும். மருந்து கொடுப்பதும், நீந்தி முடிந்த எலியைத் தூக்கித் துடைப்பதும் ஜெகதீஸ்வரியின் வேலை.

இராணுவச் சுற்றிவளைப்பில் மகனைப் பிடித்துக்கொண்டு போனதிலிருந்து வெள்ளவத்தை வீட்டில் அவள் தனியாகத்தான் இருந்தாள். மாலையில் திரும்பும்போதெல்லாம் கொடியில் அவனுடைய துவாய், அவன் அப்போதுதான் குளித்துத் துடைத்துப் போட்டதுபோல், நனைந்திருக்கும். அவள் பிழிந்து காயப்போடுவாள்.

அன்று எலி தண்ணீரில் விட்டவுடனேயே மிதந்தது.

"மருந்து குடுத்தனீங்களோ அக்கா?" என்றார் ஆராய்ச்சியாளர் நாகேந்திரம்.

"ஓம் சேர், குடுத்தனான்."

மாலையில் துவாய் காய்ந்து கிடந்தது. ஜெகதீஸ்வரி அதை எடுத்து, வாளித் தண்ணீரில் தோய்த்து, பிழியாமல் கொடியில் போட்டாள்.