ரோபின் வீட்டுத் துவக்கு

“உங்கள் கணவர் கையில் துப்பாக்கி இருப்பதில் உங்களுக்கு ஏதும் பயம் உண்டா?”

துப்பாக்கி உரிம விசாரணைக்கு வந்திருந்த பெண் ஆங்கிலத்தில், மிக மெதுவாகத்தான் கேட்டாள். கிளென் ஈடன் புறநகரில், கம்சாயினியின் வீட்டுச் சமையலறை மேசையில் இருவரும் எதிரெதிரே இருந்தார்கள். வந்தவள் கணவன் யசீகரனை வெளியே அனுப்பிவிட்டுக் கதவையும் சாத்தியிருந்தாள். மனைவியைத் தனியே விசாரிக்காமல் அவனுக்கு உரிமம் கொடுக்கமாட்டார்கள்.

“சின்னத் தயக்கம் இருந்தாலும் சொல்லுங்கள். நீங்கள் சொன்னது என்று அவருக்குத் தெரியவே வராது.”

கம்சாயினி தேநீர்க் கோப்பையின் காதைப் பிடித்தபடி இருந்தாள்.

ஒரு சொல் போதும். பயமாக இருக்கிறது என்றால் எல்லாம் அத்தோடு முடிந்தது. அது பொய்யும் இல்லை.

அந்தத் துப்பாக்கியை அவள் இன்னும் நேரில் கண்டதில்லை. யசீகரனோடு வேலை செய்த கீத்தின் துப்பாக்கி அது. ஒவ்வொரு வெடிக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டிய, பழைய வேட்டைத் துப்பாக்கி. கீத் ஒருமுறை இவனையும் மான் வேட்டைக்குக் கூட்டிப்போனான். குளிரில் விறைத்து, வெறுங்கையோடு திரும்பி வந்தவன் மாதக்கணக்காக அதையே கதைத்தான். பிறகு கீத் மாரடைப்பில் போய்விட்டான். அவன் வீட்டுக்குக் கீழே, பூட்டிய பெட்டிக்குள் ஈரத்தில் துருவேறிக் கிடந்த அதை, “திருத்தினால் நீயே வைத்துக்கொள்” என்று யசீகரனிடம் சொன்னவள் கீத்தின் மனைவி ரோபின்.

ரோபினிடம் உரிமம் இருந்தது. யசீகரனிடம் இல்லை. ஆகவே அவன் துப்பாக்கியைத் தொடுகிற நேரமெல்லாம் ரோபின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அதுதான் சட்டம்.

சட்டத்தை யசீகரன் ஒழுங்காகக் கடைப்பிடித்தான். சனிக்கிழமை தவறாமல்.

வீட்டுக்கு வந்ததும் அன்றைய துவக்குப் புதினத்தைச் சொல்வான். குழலில் இருந்த துருவை எண்ணெய் விட்டு, மெல்லிய இரும்புப் பஞ்சால் பொறுமையாகத் தேய்த்து எடுத்தானாம். மரப்பிடியில் ஒரு பள்ளம் விழுந்திருந்ததாம். அதன் மேல் ஈரத்துணியைப் போட்டு, ரோபினின் இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கி வைத்தால், ஆவி பட்டு மரம் தானாக எழும்பி வருமாம்.

வீட்டில் தன் சட்டைக்குக்கூட அவன் இஸ்திரிப்பெட்டியைத் தொட்டவனில்லை.

அதற்குப் பிறகு ஆளிவிதை எண்ணெய். துணியால் பூசினால் சரிவராது, வெறும் உள்ளங்கையால் மரம் சூடேறும்வரை தேய்க்க வேண்டும் என்று சொல்லி, கையை விரித்து அவளுக்குக் காட்டினான். காட்டினான், அவ்வளவுதான். பிறகு கழுவப் போய்விட்டான்.

அவளுக்கு வயிறு எரிந்தது. ஒரு மரக்கட்டையைப் பார்த்தா இப்படி எரிகிறோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

போன கிழமை போனில் ஒரு படம் காட்டினான். மரப்பிடி தேன் நிறத்தில் மினுங்கியது. கம்சாயினி அதைப் பார்க்கவில்லை. படத்தின் ஓரத்தில் இரண்டு கோப்பைகள் இருந்தன, ஒரு தட்டில் வெட்டிய கேக் இருந்தது, முகம் படத்துக்குள் விழாத ஒரு பெண்ணின் கை இருந்தது. அந்தக் கையின் நகங்களிலும் எண்ணெய் படிந்து கறுத்திருந்தது.

பக்கத்தில் இருக்கத்தானே சட்டம் சொல்கிறது. சேர்ந்து தேய்க்கச் சொல்லி எங்கே இருக்கிறது?

பயமாக இருக்கிறது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

அப்போதுதான் மற்றது உறைத்தது. உரிமம் வராவிட்டால் துப்பாக்கி ரோபின் வீட்டிலேயே இருக்கும். துப்பாக்கி அங்கே இருக்கும்வரை யசீகரனும் போய்க்கொண்டே இருப்பான். திருத்தி முடிந்தாலும் பார்க்கப் போவான்.

“பயம் ஒன்றும் இல்லை,” என்றாள். “கோபம் வந்தால் எழும்பிப்போய்ப் புல்லு வெட்டுகிற மனிதர் அவர். கராஜில் இரும்புப் பெட்டகம்கூடச் சுவரோடு பூட்டி வைத்துவிட்டார். உரிமத்தைத் தாமதிக்காமல் கெதியாகக் கொடுத்துவிடுங்கள். துப்பாக்கி இந்த வீட்டுக்கு வரட்டும்.”

வந்தவள் சிரித்துக்கொண்டே மடிகணினியை மூடினாள்.

“வேடிக்கைதான். வழக்கமாக மனைவிமார்தான் இழுத்தடிப்பார்கள். நேற்று ரோபினிடமும் உங்கள் கணவரைப் பற்றி விசாரித்தேன். தங்கமான மனிதர் என்றார். ஆனால் அவசரமே இல்லை, ஆறுதலாகக் கொடுங்கள் என்று திரும்பத் திரும்ப என்னிடம் சொன்னார்.”

கம்சாயினியும் சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வாசல்வரை போய் வழியனுப்பினாள். கார் தெருமுனையில் திரும்பி மறையும்வரை அங்கேயே நின்றாள்.

அவசரமே இல்லையாம்.

யசீகரன் கராஜிலிருந்து ஓடிவந்தான். பரீட்சை எழுதிய பிள்ளையின் முகம்.

“என்னவாம்? என்ன கேட்டவ?”

“இந்தச் சனிக்கிழமை நானும் வாறன்,” என்றாள் கம்சாயினி.

அவன் கதவைப் பிடித்தபடி நின்றான். வெளியே யாரோ புல்லு வெட்டத் தொடங்கினார்கள். “ஓம்” என்று சொல்ல அவனுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.