அங்கணத்து ஓட்டை

காலையில் லாட்ஜ் அறையில் சவரம் செய்து, குளித்து, கீழே காப்பி கிளப்பில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு வீடு பார்க்கப் போனேன். சங்கரன்கோவில் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்து ஐந்து நாள். தனியாக வந்தவன் என்று இரண்டு இடங்களில் வீடு இல்லை என்றுவிட்டார்கள்.

மூன்றாவது வீட்டின் சொந்தக்காரி சுந்தரம்மாளும் முதலில் அதைத்தான் கேட்டாள்.

"குடும்பம் உண்டா? ஒத்தக்கட்டைக்குக் குடுக்கதில்ல."

"உண்டு."

"அப்பச் சரி. வாடகை எம்பது."

"நேத்து தரகர் அறுபதுன்னாரே?"

"கோயில்ல ஆடித்தவசு வருதுல்லா? வெளியூர்க்காரன் நாள் வாடகைக்கே அள்ளிக் குடுக்கான்."

அடுப்படிக்குப் போனேன். பாத்திரம் கழுவும் அங்கணத்தில் தண்ணீர் வெளியேறும் ஓட்டைக்கு வலை இல்லை. குனிந்து விரலை விட்டுப் பார்த்தேன்.

"என்ன தம்பி பாக்கீக?"

"பாம்பு வரும். வலை அடிக்கணும்."

"வாசல்ல கோயில் புத்துமண் கட்டித் தொங்குது. அம்மன் ஊர்ல ஒண்ணும் அண்டாது."

"வலைய நானே அடிச்சுக்கிடுதேன்."

அவள் சிரித்தாள். "பொண்டாட்டி மேல இம்புட்டு அக்கறையா? குடுத்து வச்சவ. அறுபதே குடுங்க. ஆமா, உங்க வீட்ல வேற என்ன சொல்லி அனுப்பிச்சாக?"

சாவியை வாங்கிக்கொண்டேன்.

போன ஐப்பசியில் ஒரு நாள், குருவிகுளத்து வீட்டில், இதே போன்ற ஓட்டையை அடைக்கத் துணியோடு உட்கார்ந்தேன். அன்று மத்தியானம் அந்த வழியாகத்தான் பாம்பு வந்தது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சேர்வதற்குள் என் மனைவி இறந்துவிட்டாள். காலையில் என்னிடம் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"பஸ் போயிரும். ஓட்டைய சாயந்திரம் வந்து அடைச்சுக்கிடலாம், கிளம்புங்க."