அச்சுப்பிழை

"அந்தப் பாட்டை வாசிச்சிக் காட்டு. அப்பால உம் பேரைக் கல்லுல போடறதைப் பத்திப் பேசலாம்."

ஸ்டீபன் சொன்னதற்குச் சாராள் தலையாட்டினாள். தோளில் தொங்கிய வயலின் பெட்டியை இறக்கினாள்.

அப்பா அன்புராஜ் போய் இருபது நாள் ஆகிறது. கல்லறைக் கல் தயார். அடியில் பிள்ளை பெயர் வெட்டுவதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துக் கும்மிடிப்பூண்டியிலிருந்து இவள் வந்து, நானும் அவருக்கு மகள்தான் என்று நிற்கிறாள். சொத்து எதுவும் வேண்டாமாம். கல்லில் தன் பெயரும் இருந்தால் போதுமாம். கல் வெட்டுகிறவர் சாயங்காலத்துக்குள் முடிவைச் சொல்லச் சொல்லியிருந்தார்.

அப்பாவுக்குக் கும்மிடிப்பூண்டி இரும்பு மில்லில் முப்பது வருஷ வேலை. திங்கட்கிழமை போனால் சனிக்கிழமைதான் மணவாள நகர் திரும்புவார். வார நாளெல்லாம் குவார்ட்டர்ஸில் தனியாகப் பொங்கித் தின்கிறார் என்றுதான் ஸ்டீபன் நம்பியிருந்தான்.

இவள் பொய்க்காரி என்று நிரூபிக்க அவனிடம் இருந்தது ஒரே ஒரு தாள். இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஜெர்மன் அச்சு. யாரோ ஒரு வயலின் வித்துவான் எழுதிய இசை. மில்லுக்குப் பக்கத்துப் பழைய பேப்பர் கிடங்கில் அப்பாவுக்குக் கிடைத்தது. மேல் ஓரத்தில் ஒரு டீக்கறை. தலைப்பு மேலே ஒரு முறை, அடியில் தலைகீழாக இன்னொரு முறை. அச்சுப்பிழையாப்பா என்று கேட்டால் சிரிப்பாரே தவிர, பதில் வராது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்தத் தாளைச் சாப்பாட்டு மேஜையில் படுக்க வைத்து மகனுக்குச் சொல்லிக்கொடுப்பார். ஸ்டாண்டில் வைக்க விடமாட்டார். எதிர் நாற்காலியில் யாரும் உட்காரக் கூடாது. ஜெராக்ஸும் கிடையாது. திங்கள் காலையில் தாள் அவர் பையில் ஏறிவிடும். 'நம்ம ரத்தத்துக்கு மட்டும்தான்டா இது' என்பார்.

சாராள் கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடமாக வாசித்தாள்.

ஸ்டீபனுக்கு முதலில் நிம்மதி. அந்தப் பாட்டே இல்லை. நாலாவது வரியில் நிம்மதி கலைந்தது. அதே தாளம், அதே வேகம். அப்பா மேஜையைத் தட்டும் அதே இடத்தில் அவள் கால் தரையைத் தட்டியது.

"இது இல்ல," என்று சொல்லிவிட்டுத் தன் வயலினை எடுத்து அவனும் வாசித்தான். வில்லை இறக்கியபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"இத நான் கேட்டதே இல்லண்ணா. அப்ப அந்தத் தாள வச்சி எனக்கு இன்னாத்த சொல்லிக் குடுத்தாரு அவரு?"

நடிப்பா, நிஜமா? அவனுக்குப் பிடிபடவில்லை.

டீயோடு வந்த ஏஞ்சலின் புருஷனைப் பார்த்தாள். "இன்னாங்க, ஒரே தாளு, ரெண்டு பாட்டா? பேஜாரா கீது. ரெண்டு பேரும் பேப்பரைப் பார்த்து ஒண்ணா வாசிங்க. புளுவுறது யாருன்னு தெரிஞ்சிடும்."

ஸ்டீபன் தாளை மேஜையில் விரித்துப் பக்கத்து நாற்காலியைக் காட்டினான். அதற்குள் சாராள் எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள்.

"அதுல யாரும் உக்காரக் கூடாதும்மா," என்றாள் ஏஞ்சலின்.

"மன்னிச்சிக்குங்க அண்ணி. டீக்கறை எம் பக்கம் இருக்கணும். அப்படியே பழகிடுச்சி." சாராள் எழுந்திருக்கப் போனாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எங்க ஊட்லயும் எதிர் நாற்காலில யாரையும் உக்கார விடமாட்டாரு."

ஸ்டீபன் அவளை உட்காரச் சொல்லிக் கையசைத்தான். தாளை அவள் பக்கம் திருப்பப் போனான். வேண்டாம் என்று தடுத்துவிட்டு அவள் வில்லை வைத்தாள். இவனும் வைத்தான்.

அவன் கடைசி வரி அவளுக்கு முதல் வரியாக இருந்தது. அவன் நிறுத்திய இடத்தை அவள் நிரப்பினாள், அவள் இறங்கிய இடத்தில் அவன் ஏறினான். முப்பது வருஷமாகப் பாதியில் அறுந்ததுபோலவே இருந்த பாட்டு, முதல் தடவையாக முழுசாகக் கேட்டது.

ஏஞ்சலின் யாரையும் கேட்காமல் போனை எடுத்தாள். "கல்லுக்காரண்ணே, ரெண்டு பேருன்னு வெட்டுங்க."

ஸ்டீபன் வில்லை நிறுத்தாமல் தாளைப் பார்த்தான். அவன் அச்சுப்பிழை என்று நினைத்திருந்த அந்தத் தலைகீழ்த் தலைப்பு, எதிரே இருந்த தங்கச்சிக்கு நேராக இருந்தது.