சிலோவுக்கு ஒரு துணிக்கூண்டு

புலவாயோ நகரத்தின் வெயிலில் கடையின் தகரக் கூரை படபடக்கிறது. தரையில் நாய்களைக் காரில் கொண்டுபோகும் மடக்குத் துணிக்கூண்டுகள் இரண்டு விரிந்து நிற்கின்றன; ஒன்று சிறியது, ஒன்று பெரியது. நாளை என் கணவரின் ஊரான கேசியில் அவருடைய கல்லறைக்கல் திறப்பு. அவர் சவப்பெட்டிக்குப் பின்னால் குழிவரை நடந்த அவருடைய நாய் சிலோ, நாளை அவர் உறவினர் அத்தனை பேர் முன்னாலும் காரிலிருந்து இறங்கப்போகிறது. மருமகன் மெலூசி, எங்கள் வழக்கப்படி மாமியார் முகத்தைப் பாராமல், தரையைப் பார்த்தபடியே சிறிய கூண்டின் ஜிப்பைத் திறக்கிறார். சிலோ நுழைகிறது. மேல்துணி காதுகளை அழுத்த, கழுத்தை வளைத்துக்கொண்டு, பிடிபட்ட கோழித் திருடனைப்போல் நிற்கிறது. வலைச் சன்னல் வழியாக என்னைப் பார்க்கிறது. என் கைத்தடி தரையில் ஓங்கி இடிக்கிறது.

“வெளிய எடுங்க.”

“மூணு மணி நேரந்தானே, அத்தை. படுத்துக்கிட்டே வந்துடும்.”

“எங்க வீட்டுல என் முன்னால தலை குனிய வேண்டியது மாப்பிள்ளைதான். என் வீட்டுக்காரரோட நாய் இல்ல.”

கடைக்காரப் பெண் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொள்கிறாள். மெலூசியின் பிடரி வியர்க்கிறது.

“பெரிசை வெச்சா பின்சீட்டு முழுக்க அடைஞ்சிடும். முன்னாடி உங்க மகளும் குழந்தையும். நீங்க எங்க உக்காருவீங்க?”

நானே பெரிய கூண்டைத் திறக்கிறேன். சிலோ உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றி நிமிர்ந்து நிற்கிறது. காதுக்கும் மேல்துணிக்கும் நடுவே என் நான்கு விரல்கள் நுழைகின்றன.

“இதுதான். நான் பஸ்ல வர்றேன்.”

கல்யாணமான ஒன்பது வருடத்தில் முதல் முறையாக மெலூசி திடுக்கிட்டு நிமிர்ந்து என் முகத்தை நேராகப் பார்க்கிறார்.

“கீழ பாருங்க, மாப்ளே.”