மேல் அம்புக்குறி

காது கேளாத பிள்ளைகளின் அம்மாக்கள் பேசிக்கொள்வதற்காகப் பூரணியும் சுகிர்தாவும் சேர்ந்து நடத்திய இணைய மன்றம் அது. ஒரு நாள் காலையில் பூரணி அதைத் திறந்தால், அவள் எழுதிய பதில்களெல்லாம் சுகிர்தாவின் பெயரில் நின்றன. காது மிஷின் மாட்டிய மகள் முதன்முதலாக மழைச் சத்தம் கேட்டு மிரண்டு அழுததை எழுதியிருந்தாளே, அதுகூட. கீழே ஒருத்தி, "சுகிர்தாக்கா, படிச்சு அழுதுட்டேன்" என்று போட்டிருந்தாள்.

பூரணி சுகிர்தாவுக்குப் போன் செய்தாள். "ஐயோ, ஒரே ஆளு ரெண்டு தடவ தொறந்து வச்ச கணக்கையெல்லாம் ஒண்ணா சேத்துட்டிருந்தேன்டி. தெரியாம உன்னோடதும் சேந்துடுச்சு போல," என்றாள் சுகிர்தா. "பழசை அப்படியே எடுத்து வச்ச பேக்கப் ஏதும் இருக்கா பாரேன்."

பூரணி போனைக் காதோடு இடுக்கிக்கொண்டு மன்றம் ஓடும் சர்வருக்குக் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்தாள். இருவரும் ஒரே பாஸ்வேர்டில்தான் அதற்குள் போவார்கள். மேல் அம்புக்குறியை அழுத்தினால் கடைசியாக அடித்த கட்டளை வரும். அழுத்த அழுத்த அதற்கு முந்தையவை. அழுத்தினாள். பேக்கப்பை அழிக்கும் கட்டளை வந்தது. மறுபடி அழுத்தினாள். பூரணியின் கணக்கைச் சுகிர்தாவின் கணக்கில் சேர்க்கும் கட்டளை. இன்னொரு முறை. பேக்கப் எடுக்கும் கட்டளை. எதில் கை வைப்பதானாலும் முதலில் பேக்கப் எடுத்துவிட வேண்டும் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்ட வழக்கம். அதைக்கூடச் சுகிர்தா மறக்கவில்லை.

"என்னடி, இருக்கா?"

பூரணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்லடி," என்றாள். "எடுக்க மறந்துட்டோம் போல."

அந்தப் பக்கம் சுகிர்தா நிம்மதியாக மூச்சு விட்டது இவள் காதில் தெளிவாகக் கேட்டது.