அவர் வைத்த டைமர்

“பேட்டரியை மாத்து, டயரை மாத்து, வேணும்னா காரையே மாத்து. அந்த டைமர்ல மட்டும் கை வச்சே, இந்தத் தீவுல உனக்கு ஒரு வாய் காபி கிடைக்காது, பார்த்துக்க.”

குன்வோர் எப்போதும் இப்படித்தான் பேசுவார். முதியோர் இல்லத்தில் நர்ஸ். தொண்ணூறு வயதுக்காரர்களையே அதட்டிச் சாப்பிட வைப்பவர். மெக்கானிக் நான் எந்த மூலைக்கு?

வடகோடியில் கிடக்கிற எங்கள் லோஃபோட்டன் தீவுகளில் பிப்ரவரி வந்துவிட்டால் எலெக்ட்ரிக் கார் வைத்திருக்கும் எல்லோரும் என் பட்டறைக்கு ஒருமுறையாவது வந்துபோவார்கள். குன்வோரின் காரில் ஓட்டத்துக்கான பெரிய பேட்டரி நன்றாகவே இருந்தது. பூட்டையும் விளக்கையும் திரையையும் இயக்குகிற சின்ன பேட்டரிதான் குளிரில் படுக்கப் பார்த்தது. அதை மாற்றும்போது திரையில் பதிந்து வைத்தவை சில நேரம் அழிந்துபோகும்.

அவருடைய பயம் அதுதான்.

அவர் வேலைக்குக் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் கார் தானாகவே விழித்துக்கொள்ளும். உள்ளே சூடேற்றி, கண்ணாடியில் படிந்த பனியை உருக்கி வைத்துவிடும். இங்கே எல்லோரும் காருக்கு அப்படி நேரம் குறித்து வைப்பது வழக்கம். இந்தக் காரில் குறித்து வைத்தது அவர் கணவர் தோர்லைஃப்.

தோர்லைஃப் இலையுதிர்காலத்தில் தனியாக மீன் பிடிக்கப் போனார். படகு மட்டும் கிடைத்தது. ஹெலிகாப்டர் வந்து தேடியது, நாங்களும் படகுகளில் போய்த் தேடினோம். கடைசியில் சவப்பெட்டி இல்லாமலேயே தேவாலயத்தில் பாட்டுப் பாடி முடித்தோம். நானும் பாடினேன்.

“தினமும் அந்தச் சூட்டுல போய் கொஞ்ச நேரம் சும்மா உட்காருவேன்பா. அவர் வச்சுட்டுப் போன சூடு அது.”

இதைச் சொன்னபோது அவர் குரலில் அதட்டல் இல்லை. எதுவும் அழியாமல் திருப்பித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

சின்ன பேட்டரியைக் கழற்றும் முன் திரையின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்வேன். எடுக்காமல் விட்டு, சீட்டின் உயரம் போச்சு, ரேடியோ போச்சு என்று பலரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

டைமர் பக்கத்தைத் திறந்தேன். காலியாக இருந்தது.

நான்தான் எதையோ அழுத்தித் தொலைத்துவிட்டேன் என்று நினைத்தேன். சுவரோரம் நின்று காபியை ஊதிக்கொண்டிருந்த குன்வோரை நிமிர்ந்து பார்க்கவே தைரியம் வரவில்லை. சோதனைக் கருவியை மாட்டிப் பழைய பதிவுகளைத் தேடினேன்.

இந்தக் காரில் யாரும் எப்போதும் டைமர் வைத்ததே இல்லை.

அப்போது யாரும் தொடாமலே கார் விழித்துக்கொண்டது. மின்விசிறி சுழன்றது. சூடான காற்று என் முகத்தில் அடித்தது.

“பார்த்தியா? நான் கிளம்புற நேரம். ஒரு நாளும் தப்பாது,” என்றார் குன்வோர் பெருமையாக.

நான் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சூடேற்றச் சொல்லிக் கட்டளை வந்திருந்தது. வந்த இடம், போன்.

“உங்க போன்ல இந்தக் காரோட ஆப் இருக்கா?”

“எனக்கு எதுக்கு அதெல்லாம்? அவர் போன்லதான் இருந்துச்சு. அது அவர் சட்டைப் பையோட கடலுக்குப் போயிருச்சே.”

கருவியை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தேன்.

படித்தார். மறுபடியும் படித்தார். கோப்பை சாய்ந்து காபி கோட்டின் மேல் வழிந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

கடலுக்கு அடியில் கிடக்கிற போன் கட்டளை அனுப்பாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

மின்விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. குளிர்காலம் முழுக்க அவர் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்த சூடு, திறந்திருந்த கதவு வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது. அது தன் மேல் படாமல் அவர் விலகி நின்றார்.

“போன மாசம் எனக்குக் காலை ஷிஃப்ட்டை மத்தியானத்துக்கு மாத்தினாங்க.” வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. “கார் அதுவாவே மத்தியானத்துக்கு மாறிக்கிச்சு. இந்தக் காலத்துக் கார் நம்ம பழக்கத்தைப் பார்த்துக் கத்துக்கும்னு சொல்றாங்களே, அதுன்னு நினைச்சேன்.”

“நாலு நாள் பார்த்தாத்தானே கத்துக்கும். எத்தனை நாள் கழிச்சு மாறுச்சு?”

“முதல் நாளே.”

“ஷிஃப்ட் மாறினதை யார்கிட்ட சொன்னீங்க?”

“யார்கிட்டயும் சொல்லல. முந்தின நாள் சாயங்காலம் இல்லத்துலேர்ந்து போன் வந்துச்சு. மறக்கக் கூடாதுன்னு சமையலறைப் பலகையில சாக்பீஸால எழுதி வச்சுட்டு, தூக்க மாத்திரையைப் போட்டுட்டுத் தூங்கிட்டேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

வீட்டைப் பூட்டிவிட்டுத்தானே வந்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. இந்தத் தீவில் எந்த வீட்டையும் யாரும் பூட்டுவதில்லை.